பதிவு செய்யப்பட்ட உரிமையாளர்

1

என் அப்பாவுக்கு ஸ்காபரோவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. தபால்பெட்டியின் பூட்டு உறைந்துபோய், இரண்டு தரம் வாயால் ஊதித்தான் திறக்க முடிந்தது. உறையின் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் அப்பாவின் பெயர் இருந்தது: தம்பிராசா. அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. கனடாவை அவர் பார்த்ததில்லை. சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதுமில்லை. ஆனாலும் மல்வேர்ன் பக்கத்துப் பிளாசா ஒன்றில் காரை விட்டுவிட்டு நேரத்துக்கு எடுக்காமல் போய்விட்டார் என்று கடிதம் சொன்னது.

ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். இங்கே ஒரு மனிதனுக்கு முதற்பெயரும் கடைசிப்பெயரும் கட்டாயம் வேண்டும். நமக்கு இருப்பது ஒரு பெயரும் அதற்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தும். நான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனபோது, எனக்கு முன்னால் கனடா வந்திருந்த ஒருவர் துணைக்கு வந்தார். "முதலெழுத்து அப்பான்ரதுதானே, அப்ப முதற்பெயரும் அப்பான்ரதுதான்" என்று சொன்னார். அந்த நியாயத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன். பிறகு குடியுரிமை எடுத்த நேரம் வங்கி, வைத்தியம், வேலைத்தலம் என்று எல்லா இடத்திலும் திருத்தினேன். அனுமதிப்பத்திரத்தையும் வாகனப் பதிவையும் மட்டும் விட்டுவிட்டேன். பஞ்சிதான், வெறும் சோம்பல், வேறு காரணமில்லை. ஆகவே இந்த நாட்டில் எல்லாரும் என்னைச் சிவநேசன் என்கிறார்கள். வீதி மட்டும் தம்பிராசா என்கிறது.

இந்தப் பெயரோடு ஒரு கடிதம் வந்தால், நாடு முழுவதிலுமுள்ள இலாச்சிகளில் எந்த இலாச்சியைத் திறந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மனைவி கலா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைப்பில் ஒரு கேடயம், கீழே இலக்கங்கள், நடுவில் விதிமீறல் என்ற சொல்.

"இஞ்சேருங்கோ, கவர்மென்ற் கடிதமெல்லே. காசைக் கட்டிப்போட்டு அலுவலைப் பாருங்கோ."

"உது கவர்மென்ற் இல்லை. ஆரோ ஒரு பிரைவேட் பார்க்கிங் கொம்பனி."

"கொம்பனியெண்டால் எங்கட அட்ரஸ் அவங்களுக்கு என்னண்டு தெரியும்?"

நான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியால்தான்.

2

அதிகாலை ஐந்து மணிக்குப் பாண் தொழிற்சாலையில் என் வேலை தொடங்கும். பகல் ஒரு மணிக்கு முடியும். கையில் ஈஸ்ற் மணத்தோடு வெளியே வந்து, காருக்குள் இருந்தபடியே அந்தக் கொம்பனிக்கு எடுத்தேன். நாற்பது நிமிடம் பியானோ கேட்டேன். பிறகு ஒரு இளம் குரல்.

"ஹலோ, தம்பி?"

என் ஐம்பத்துநாலு வயதில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறான். பெயர் நீளம் என்று பாதியில் வெட்டியிருக்கிறான். சிரிப்பு வந்தது. சிரித்தால் கோபம் இளகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

என் விலாசம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். இலக்கத்தகட்டைக் கொடுத்தால் மாகாணத்தின் வாகனப் பதிவிலிருந்து உரிமையாளரின் பெயரும் விலாசமும் கிடைக்கும், அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான் என்றான். வாகனம் நிறுத்தியதற்கான கட்டணத்தைக் கேட்பதற்கு மட்டும்தானே அது, வேறு எதற்கும் இல்லையே என்றேன். அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. அல்லது புரட்டுவது போல எனக்குப் பட்டது. "ஷ்யோர்" என்றான். அந்தச் சொல்லுக்குள் அவன் ஓமையும் வைக்கவில்லை, இல்லையையும் வைக்கவில்லை. தொடர்புக்கு ஒரு தொலைபேசி இலக்கம் கேட்டான். நானே என் கைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை போனது. பழைய கார் வாங்கும் ஒரு இடத்திலிருந்து அப்பாவுக்கு இன்னொரு கடிதம் வந்தது. அன்புள்ள தம்பிராசா, உங்களுடைய சிவப்புக் காரை விற்கும் எண்ணம் உண்டா. பிறகு காப்புறுதி விற்கும் ஒரு பெண் கைபேசிக்கு எடுத்தாள். "ஹாய் தம்பி." பிறகு இன்னொருவர். அந்தப் பெயரையும் இந்த இலக்கத்தையும் ஒன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் ஒரேயொரு கொம்பனிக்காரர்தான். நான்தான் சேர்த்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் ஐமிச்சம். கடைக்காரர் தபால்குறியீடு கேட்டால் ஏன் என்கிறேன். பெற்றோல் நிலையத்துக் கமெராவுக்குக் கீழே குனிந்து நடக்கிறேன். வீதியில் நிற்கிற கார்களின் பின்பக்கங்களைப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் கதவு தொங்குகிறது. எழுத்தும் இலக்கமுமாக, திறந்தபடி.

3

இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. சண்டைக் காலத்தில் கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் எட்டு மாதம் இருந்தேன். வாசலில் ஒரு பெரிய கொப்பி. பெயர், தகப்பன் பெயர், வந்த காரணம், போகும் திகதி. அதன் பிரதியொன்று பொலிசுக்குப் போகும். எல்லாரும் காரணம் என்ற இடத்தில் வைத்தியம் என்று எழுதுவோம். அந்த லொட்ஜில் ஒரு சுகதேகி இருந்ததில்லை.

ஒரு காலை, பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றபோது, கீழே ஒருவர் என் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து உரத்து வாசித்தார். கையில் ஒரு தாள். சிவில் உடுப்பு. என் வாயிலிருந்த நுரை அப்படியே இறுகிப்போனது. ஓடினால் பின்பக்கம் மதில். இறங்கினேன். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கனடா போற யோசினை ஏதும் இருக்கோ?"

அவர் ஒரு ஏஜென்சிக்காரர். லொட்ஜ் மனேச்சர் கொப்பியிலிருந்த பெயர்களை அவருக்கு விற்றிருந்தார். நான் இங்கே வந்து சேர்ந்த கதையின் முதல் வரி அதுதான். என் பெயர் கைமாறியதால் உயிர் தப்பியவன் நான். அந்த மனேச்சருக்கு நன்றி சொல்வதா, காறித் துப்புவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்த பெயர் அந்தக் காரணத்தோடு நிற்பதில்லை. அதற்குக் கால் முளைத்துவிடும்.

4

இதுவரை நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்தச் சிவப்புக் காரை ஓட்டுவது நானில்லை. மகள் ஆரணி. இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். இளம் பிள்ளைகளின் பெயரில் கார் எடுத்தால் காப்புறுதி தாங்காது. அதனால் இங்குள்ள அநேகமான தமிழ்க் குடும்பங்களைப் போல நாங்களும் என் பெயரில் பதிந்து அவளிடம் திறப்பைக் கொடுத்திருந்தோம். அவளுடைய கார் என்று வீட்டில் சொல்வோம். கடதாசியில் அது என்னுடையது.

கடிதத்தில் ஒரு படம் இருந்தது. காரின் பின்பக்கம், கண்ணாடியில் பாதி துடைத்த பனி. கீழே: வியாழக்கிழமை, பகல் இரண்டு பத்து முதல் மூன்று முப்பத்தொன்று வரை. அங்கே ஒரு மணித்தியாலம்தான் நிறுத்தலாம். வியாழன் பின்னேரங்களில் தனக்கு லாப் வகுப்பு என்று ஆரணி சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகம் நகரத்தின் மறுகரையில்.

நான் அவளிடம் கேட்கவில்லை. அதுதான் என் முதற்பிழை. கொம்பனியின் இணையப் பக்கத்துக்குப் போய் இலக்கத்தகட்டை அடித்தேன். கடவுச்சொல் கேட்கவில்லை, நீ யார் என்றும் கேட்கவில்லை. ஒரு அறிவித்தலுக்காகத் திறந்த பக்கம், நான் கேளாத மற்றப் படங்களையும் காட்டியது. நாலு வியாழக்கிழமைகள். அதே பிளாசா, அதே இரண்டு மணி. ஒன்றில் அவளுடைய முதுகு தெரிந்தது. நீலக் குளிர்ச்சட்டை, தலையில் தொப்பி. எதையோ தாண்டுவதுபோல ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

யாரும் இப்படிப் பார்க்கலாம், எவனும் அடித்துப் பார்க்கலாம் என்று பதறினேன். பதறிக்கொண்டே ஒவ்வொரு நாளும் வேலை இடைவேளையில் நானும் அடித்துப் பார்த்தேன்.

5

அடுத்த வியாழன் வேலை முடிந்ததும் என் சாம்பல் நிறக் காரில் அங்கே போனேன். கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை, சேலைக் கடை, கொத்துரொட்டிக் கடை. மேல்மாடிக்கு ஒரு ஒடுக்கமான படி. ஒரு மூலையில் காரைப் போட்டுவிட்டு இருந்தேன். இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்க, சிவப்புக் கார் வந்தது. ஆரணி இறங்கிப் படியேறினாள். நான் இருக்கையில் சரிந்து பதுங்கினேன். சொந்த மகளுக்கு ஒளித்து. காப்புறுதிப் பெண்ணின் குரல் தூக்கத்திலும் கேட்ட நாட்களில்கூட என்னை நான் இவ்வளவு கேவலமாக உணரவில்லை.

அவள் உள்ளே இருந்த நேரத்தில், கால் விறைத்து, பலசரக்குக் கடைக்குள் போனேன். கடைக்காரர் தவம் எனக்கு முன்பே பழக்கம். முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார்.

"தவம், மேல என்னென்ன ஒப்பீஸ் இருக்கு?"

"பல்லு டொக்டர், விசா எழுதுற ஆள், ஒரு லோயர். பிறகு உந்த மனசு கினசு பாக்கிற மனுசி. ஏனண்ணை, ஆருக்கு?"

"சும்மா கேட்டனான்."

"சும்மா ஆரண்ணை இந்தக் குளிருக்க வந்து கேப்பினம்?" அவர் கல்லாவுக்கு மேலிருந்த சின்னத் திரையைக் காட்டினார். "சிவப்புக் காரில வாறது உங்கட மகள்தானே. நானும் பாக்கிறனான். பல்லெண்டால் கிழமைக்குக் கிழமை வரத் தேவையில்லை."

நான் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியேறினேன். வேறென்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே அமலா என்ற ஒரு பெண் கலாவின் கையைப் பிடித்து, "ஆரணிக்கு என்ன, ஏதும் சுகமில்லையே? பாவம், படிப்புப் பாரமாக்கும்" என்று கேட்டிருக்கிறாள். கலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில் காருக்குள் என்னிடம் கேட்டாள்.

"ஆரிட்ட என்ன கேட்டனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல."

"சொன்னனீங்களோ எண்டு நான் கேக்கேல்லை."

தொழிற்சாலையில் பாண் ஒரு பட்டியில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒருவன் வைப்பான், ஒருவன் வெட்டுவான், ஒருவன் பையில் போடுவான். எவனும் முழுப் பாணுக்கும் பொறுப்பில்லை. தவத்துக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு பட்டி ஓடியிருக்கிறது. நான் வைத்தேன். அவர் வெட்டினார். மண்டபத்தில் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

6

அப்பாவுக்கு மூன்றாவது கடிதமும் வந்தது. அதை எடுத்தவள் ஆரணி.

நான் வேலையால் வந்து கை கழுவும்போது அவள் சமையலறை மேசையில் இருந்தாள். முன்னால் அந்தக் கடிதம், விரித்தபடி. படத்தில் சாம்பல் நிறக் கார். முன்கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு தலை, பாதி சரிந்து. வியாழக்கிழமை. ஒரு மணித்தியாலமும் இருபத்தாறு நிமிடமும்.

"அப்பா, திஸ் இஸ் யூ."

மறுக்க ஒரு வழியும் இல்லை. ஓம் என்றேன்.

"அமலா அன்ரி கேட்டா, எனக்கு ஸ்ட்ரெஸ்ஸோ எண்டு. கொத்துக்கடைக்காரர் கேட்டார், பிள்ளை இப்ப ஓகேயோ எண்டு. ஐ வாஸ் லைக், இவைக்கு என்னண்டு தெரியும்? இப்ப விளங்குது."

"நான் பயந்துபோனன் பிள்ளை. நீ லாப் எண்டு சொன்னனி."

"ஓம், பொய் சொன்னனான். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பனோ தெரியாது. பட் யூ டிட்ன்ட் ஆஸ்க்."

கலா அடுப்பை நிறுத்தினாள். ஆரணி கடிதத்தின் ஒரு மூலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க ஒரு மனுசியோட கதைக்கப் போறன். உங்களப் பற்றியும்தான். அம்மாவப் பற்றியும்தான். அந்தப் பார்க்கிங் போர்டில ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறது எனக்குத் தெரியும் அப்பா. அண்டைக்குக் கதைச்சு முடியேல்லை. அவ்வளவுதான்."

என்ன கதைத்தாய் என்று என் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"நான் மே மாதம் மூவ் பண்ணுறன். பிரெண்ட்ஸோட. அது முதலே பிளான் பண்ணினதுதான், இதால இல்லை. எங்க எண்டு நான் இப்ப சொல்லேல்லை. அந்தக் காரை என்ர பேரில மாத்தித் தாங்கோ. இன்சூரன்ஸை நான் பாக்கிறன்."

"எங்க எண்டு தெரியாமல் நாங்கள் என்னண்டு இருக்கிறது?" கலா கேட்டாள்.

"அம்மா, நான் போன் எடுப்பன். டெய்லி எடுப்பன். அட்ரஸ் குடுத்தால் அப்பா வந்து காருக்க இருப்பார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு தூரம் உள்ளே போனது.

7

கொம்பனிக்கு எதிரான முறைப்பாட்டைப் பங்குனிக் கடைசியில் எழுதி முடித்தேன். இந்த நாட்டில் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு அலுவலகம் இருக்கிறது. படிவம் நீளமானது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். பார்க்கிங் கட்டணம் கேட்கப் பெற்ற பெயரைக் கார் விற்பவனுக்கும் காப்புறுதி விற்பவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள், வேறெங்கும் இல்லாத என் அப்பாவின் பெயரே அதற்குச் சாட்சி. இலக்கத்தகடு தெரிந்த எவருக்கும் ஒரு வாகனத்தின் போக்குவரவைப் படத்தோடு காட்டுகிறார்கள். கடிதங்களைப் படியெடுத்து இணைத்தேன். ஆரணியின் முதுகு தெரிந்த படத்தை மட்டும் இணைக்கவில்லை. அது இல்லாவிட்டால் என் முறைப்பாட்டின் அந்தப் பகுதி பலவீனம் என்று தெரிந்தும்.

கடைசிக் கேள்வி: இதனால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு என்ன?

ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். மூன்று நாள் அதை வெறுமையாக வைத்திருந்தேன். மன உளைச்சல், தொல்லை தரும் அழைப்புகள், தூக்கமின்மை என்று எழுதி எழுதி அழித்தேன். அவை பொய்யில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் அதை வாசிக்கப்போகிறவர் ஒரு மனிதர், மனிதருக்கு எழுதுவதென்றால் முழுதாக எழுதவேண்டும் என்று பட்டது. கடைசியில் எழுதினேன்: அவர்கள் காட்டிய படங்களை வைத்து நான் என் மகளைப் பின்தொடர்ந்தேன். அவளைப் பற்றி விசாரித்தேன். அது ஊரெல்லாம் பரவியது. கொம்பனி செய்ததற்குக் கொம்பனி பொறுப்பு. நான் செய்ததற்கு நான் பொறுப்பு. இரண்டாவதை உங்களால் விசாரிக்க முடியாது என்று தெரியும்.

கலா வாசித்துவிட்டு, "கேஸ் நிக்காது" என்றாள். பிறகு, "அனுப்புங்கோ" என்றாள்.

முறைப்பாடு கிடைத்தது என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அதன் கோப்புக்கு ஒரு இலக்கம் தந்திருக்கிறார்கள். கொம்பனி அந்த இணையப் பக்கத்தை இன்னும் மூடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒருநாள் என் சாம்பல் காரின் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். சிவப்புக் காரினதை அடிக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு இப்போது உரிமை குறைவு.

மே மாதத்து முதற் சனிக்கிழமை ஆரணியும் நானும் காரை அவள் பெயருக்கு மாற்றப் போனோம். ஒரு மோலுக்குள் இருக்கும் மாகாண சேவை நிலையம். ஒரு இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவள் தன் கைபேசியில் ஒரு சோபாவின் படத்தைக் காட்டி, நிறம் எப்படி என்று கேட்டாள். மண்ணிறம் ஊத்தை தெரியாது என்றேன். "அப்பா, யூ ஆர் ஸோ ப்ரவுன்" என்றாள். இருவரும் சிரித்தோம். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு.

எங்கள் இலக்கம் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண். நான் கையெழுத்திட வேண்டிய இடங்களைப் பேனையால் தட்டிக் காட்டினாள். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கிறார் என்று ஒரு தாள், அதிலும் கையெழுத்து வைத்தேன். ஆரணியின் அனுமதிப்பத்திரத்தை வாங்கித் திரையைப் பார்த்தாள்.

"விலாசம் இதேதானா? அப்பாவின் விலாசம்?"

"இல்லை. அதையும் மாத்த வேணும்" என்று ஆரணி ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ."

நான் கவுண்டரில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கோவிக்காதேங்கோ. நானே சொல்லுவன். கொஞ்ச நாள் போகட்டும்."

நான் பின்னால் போனேன். இரண்டு அடி போய் நின்றேன். குரல் கேட்டது. இன்னும் ஐந்து அடி போனேன். கவுண்டர் பெண் விசைகளில் விரலை வைத்துக் காத்திருந்தாள். ஆரணி முன்னால் குனிந்தாள். வீட்டு இலக்கத்தைச் சொல்கிறாள் போலும், உதடுகள் மெல்ல அசைந்தன.

நான் முகத்தைத் திருப்பி, வாசலில் வருகிற போகிற சனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் வந்து என் தோளில் தட்டும்வரை.